எவ்வளவு ஆகும், டாக்டர்?

பவுன் வாங்கப் போனால் செய்கூலி, சேதாரம் என்று கால் சதவீதம் வரை துருவிக் கேட்கும் குடும்பம், ஆபரேஷன் என்று வந்துவிட்டால் வாயைத் திறப்பதில்லை. ‘எவ்வளவு ஆகும்?’ என்று கேட்பதே பெற்றவளின் உயிருக்கு விலை பேசுவதுபோல ஒரு கூச்சம். கேட்டாலும் வரும் பதில் எல்லோருக்கும் மனப்பாடம்: “முதல்ல அட்மிட் பண்ணுங்க, பாத்துக்கலாம்.” அட்வான்ஸ் கட்டுகிறோம். இரண்டு நாள் கழித்து இன்னொரு அட்வான்ஸ். டிஸ்சார்ஜ் அன்று மத்தியானம் பில்லிங் கவுன்டரில் நீட்டப்படும் காகிதத்தில்தான் முதல் நாள் கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. நோயாளி இன்னும் மாடியில், படுக்கையில். பேரம் பேச எந்தப் பிடியும் கையில் இல்லை.

இந்த நிலையைப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-இலேயே ஒரு கட்டுரையில் அலசினார். மருத்துவத்தில் வாங்குபவருக்குத் தனக்கு என்ன தேவை என்பதே தெரியாது. அதை முடிவு செய்பவரே விற்பவராகவும் இருக்கிறார். மற்ற சந்தைகளின் கணக்கு இங்கே செல்லாது என்பது அவர் வாதம். அப்படியானால் விற்பவர் பக்கமிருந்து தகவல் தானாக வர வேண்டும். கேட்டால்தான் தருவேன் என்பது போதாது. இந்தியச் சட்டங்களும் விதிகளும் இதை ஒப்புக்கொள்கின்றன என்பதுதான் வேடிக்கை. விதிக்குப் பஞ்சமில்லை. யாரைக் கட்ட வேண்டுமோ அவரை அது கட்டுவதில்லை.

இந்திய மருத்துவ கவுன்சில் 2002-இல் கொண்டுவந்த தொழில் நெறிமுறை விதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. மருத்துவர் தம் கட்டணத்தைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், பாதி வழியில் சொல்லக் கூடாது என்கிறது ஒரு விதி. கட்டணத்தையும் பிற செலவுகளையும் தம் கிளினிக்கிலும், தாம் போய்ப் பார்க்கும் மருத்துவமனைகளிலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்கிறது இன்னொன்று. மருந்தை மருத்துவரே கொடுத்தால் அதையும் சீட்டில் தெரிவிக்க வேண்டுமாம். ஊசி, மாத்திரை, கன்சல்டிங் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளும் நம் சிறு நகரத்துக் கிளினிக்குகளை நினைத்துப் பாருங்கள். உங்கள் ஊரில் கட்டணப் பலகை தொங்கும் கிளினிக்குகளை எண்ண ஒரு கை விரல்கள் தேவைப்படுமா என்பது சந்தேகம்தான்.

2023 ஆகஸ்ட் 2 அன்று தேசிய மருத்துவ ஆணையம் புதிய நெறிமுறைகளை அறிவித்தது. அதில் ஒரு படி மேலே போய், அறுவை சிகிச்சைக்கோ மற்ற சிகிச்சைக்கோ ஆகும் செலவை நியாயமாக மதிப்பிட்டு நோயாளிக்குச் சொல்ல வேண்டும், அதைத் தெரிந்துகொண்டு அவர் முடிவெடுக்க வேண்டும் என்றும் இருந்தது. ஆயுள் மூன்றே வாரம். மருந்துகளை ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும் என்ற பகுதிக்கு எதிராக மருத்துவர் சங்கங்கள் கிளம்ப, ஆகஸ்ட் 23 அன்று மொத்த விதிகளும் நிறுத்திவைக்கப்பட்டன. செலவு மதிப்பீடு பற்றிப் பெரிதாக யாரும் சண்டை போடவில்லை. வேறொரு சண்டையில் அதுவும் சேர்ந்து முடங்கியது.

2002 விதியிலேயே ஓர் ஓட்டை உண்டு. அது பதிவுபெற்ற மருத்துவரைக் கட்டும், மருத்துவமனை நிறுவனத்தைக் கட்டாது. மருத்துவர் தவறினால் மாநில மருத்துவ கவுன்சில் விசாரிக்கலாம். பில் போடுவதோ மருத்துவமனை. அறை வாடகை, மருந்தகம், பரிசோதனைக் கூடம், தியேட்டர் எதுவும் பல இடங்களில் மருத்துவரின் கையில் இல்லை. “பில்லிங்ல கேட்டுக்கோங்க” என்று டாக்டர் சொல்வது தட்டிக்கழிப்பாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. பல நேரம் அவருக்கே தெரியாது. சொல்லும் கடமை ஒருவர் மேல், வசூலிக்கும் அதிகாரம் இன்னொருவர் கையில்.

மருத்துவமனையைக் கட்டும் சட்டம் எது? மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டமும், அதன் கீழ் 2012-இல் வந்த விதிகளும். ஒவ்வொரு சேவைக்கும் என்ன கட்டணம் என்பதை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்பது 9-ஆம் விதி. மாநிலங்களைக் கலந்து மத்திய அரசு நிர்ணயிக்கும் வரம்புக்குள்தான் கட்டணம் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். வரம்பு மட்டும் வரவில்லை. 2024 பிப்ரவரியில் இதுபற்றிய வழக்கு ஒன்றைக் கேட்ட உச்ச நீதிமன்றம் பொறுமை இழந்தது. கண்புரை அறுவைக்கு அரசுத் தரப்பில் கண் ஒன்றுக்குச் சுமார் 10,000 ரூபாய், தனியாரில் 30,000 முதல் 1,40,000 வரை என்ற மனுதாரரின் கணக்கு அப்போது பரவலாகப் பேசப்பட்டது. நீங்கள் கட்டணம் நிர்ணயிக்காவிட்டால் மத்திய அரசு ஊழியர் நலத் திட்டத்தின் கட்டணங்களை இடைக்காலமாக அமல்படுத்துவதுபற்றி யோசிப்போம் என்று அரசை எச்சரித்தார்கள் நீதிபதிகள்.

தமிழ்நாடு இந்த மத்தியச் சட்டத்தை ஏற்கவில்லை. நமக்கென்று 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கான விதிகள் 2018-இல்தான் வந்தன. ஒரு சட்டம் வாக்களிக்கும் வயதைத் தாண்டி விதியில்லாமல் கிடந்ததை எந்தக் கட்சியின் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்ட காலம் அது. அந்தச் சட்டத்தின் கவனம் பெரிதும் பதிவு, இடவசதி, கருவிகள், பணியாளர் ஆகியவற்றின் மேல்தான். பக்கத்துக் கேரளம் 2018-இல் இயற்றிய சட்டத்தில் கட்டணத்தையும் பேக்கேஜ் தொகையையும் காட்சிப்படுத்துவது கட்டாயம். தனியார் மருத்துவமனைகள் எதிர்த்து வழக்காடின. நோயாளிக்கு நோயாளி செலவு மாறும்போது முன்கூட்டி எப்படிச் சொல்வது என்பது அவர்களின் முக்கிய வாதம். கேரள உயர் நீதிமன்றம் 2025-இல் அதை ஏற்கவில்லை.

இந்த வாதத்தைப் பொய் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பலகையில் எழுதிய விலைக்கும் கையில் வரும் பில்லுக்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள, நடுத்தரமான ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம். அறை வாடகை. நர்சிங் சார்ஜ், டியூட்டி டாக்டர் சார்ஜ் தினப்படி. டாக்டர் ஒவ்வொரு முறை எட்டிப் பார்த்ததற்கும் ஒரு விசிட். சர்ஜன் கட்டணம்; மயக்க மருந்து மருத்துவருக்குப் பல இடங்களில் சர்ஜன் கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்கு. தியேட்டர் வாடகை மணிக்கணக்கில். கையுறை, சிரிஞ்ச், கேனுலா, தையல் நூல் என்று பொதுத் தலைப்பில் ஒரு பெரிய தொகை. மருந்தகம், லேப், ஸ்கேன். மருத்துவக் கழிவு அகற்றும் கட்டணம். உணவு. கடைசியில் ‘இதர’. அறை வாடகை நாளுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால், ஐசியூ தவிர, 2022 ஜூலை முதல் 5 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு.

இதில் யாரும் சொல்லாத சூட்சுமம் அறையில் இருக்கிறது. பொது வார்டா, ஷேரிங்கா, தனி அறையா என்பதை வைத்து, பல பெரிய மருத்துவமனைகளில் அதே சர்ஜன், அதே தியேட்டர், அதே ரத்தப் பரிசோதனையின் கட்டணமும் மாறுகிறது. ‘அம்மாவுக்குக் கொஞ்சம் வசதியா இருக்கட்டும்’ என்று தனி அறை கேட்பவர், ஏசிக்கும் சோபாவுக்கும் மட்டும் கூடுதலாகக் கொடுப்பதாக நினைக்கிறார். அவர் மொத்த பில்லையே அடுத்த தட்டுக்கு ஏற்றிவிட்டார். இது எந்தப் பலகையிலும் ஒரு வரியாக இருக்காது. கட்டண அட்டவணையின் நெடுவரிசைகளில் ஒளிந்திருக்கும்.

இன்சூரன்ஸ் உள்ளவர்களுக்கு இந்த அறை இரண்டாவது முறையும் உதைக்கும். பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளுக்கு 3,000 என்று வைத்துக்கொள்வோம். நோயாளி 5,000 ரூபாய் அறையில் தங்கினார். வித்தியாசம் 2,000தானே, கையிலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்று குடும்பம் நினைக்கும். ஆனால் அறையோடு தொடர்புடைய சர்ஜன் கட்டணம், தியேட்டர் வாடகை போன்றவையும் அதே விகிதத்தில், அதாவது ஐந்தில் மூன்று பங்குதான் தரப்படும். அந்தத் தலைப்புகளில் ஒரு லட்சம் ஆகியிருந்தால் 40,000 நம் தலையில். மருந்து, இம்பிளான்ட், பரிசோதனைச் செலவுகளில் இப்படி வெட்டக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் விதி வகுத்த பிறகு கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது. அதே ஆணையத்தின் பட்டியலில், பாலிசி பொதுவாகத் தராத சில்லறைப் பொருட்கள் 68 இருக்கின்றன. “கேஷ்லெஸ்தான் சார், கவலைப்படாதீங்க” என்று கவுன்டரில் சொல்பவர் இந்த 68-ஐச் சொல்வதில்லை.

பில்லைப் பிரித்துக் காட்டுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 2017 நல்ல பாடம். அந்த ஆண்டு குருகிராமில் டெங்குவால் சேர்க்கப்பட்ட ஏழு வயதுச் சிறுமி இறந்துபோனாள். பில் கிட்டத்தட்ட 16 லட்சம். நாடு கொதித்ததற்குக் காரணம் தொகை மட்டும் இல்லை. ஒரு குழந்தைக்கு 2,700 கையுறைகள் என்று அதில் அச்சாகியிருந்தது. ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் அந்த எண் வெளியே வந்தே இருக்காது. அதைத் தொடர்ந்து தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் தில்லி வட்டார மருத்துவமனைகள் நான்கின் பில்களை ஆராய்ந்து 2018 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. மருந்து, உபகரணம், பரிசோதனைகளில் 1,737 சதவீதம் வரை லாபம் வைக்கப்பட்டிருந்தது. அதிகபட்ச சில்லறை விலையைத் தாண்டித்தான் விற்றார்கள் என்பதில்லை. மொத்தமாக வாங்கும் மருத்துவமனைகளுக்குத் தோதாக உற்பத்தியாளர்களே அட்டையில் விலையை ஏற்றி அச்சிட்டிருந்தார்கள். அட்டையில் விலை தெளிவாகத்தான் இருந்தது. அந்தத் தெளிவால் நோயாளிக்கு ஒரு பைசா மிச்சமில்லை.

அதே 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட் விவகாரம் வேறு வழியைக் காட்டியது. பொதுநல வழக்கு ஒன்று கொடுத்த நெருக்கடியில், மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600, பூசாததற்கு 7,260 என்று உச்சவரம்பு வந்தது. அதுவரை மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தவர்கள் ஏராளம். விலை வரம்பைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். அதே ஆணையிலிருந்த இன்னொரு நிபந்தனையை நான் அதைவிட முக்கியமாக நினைக்கிறேன்: ஸ்டென்ட்டின் விலையை, பிராண்ட் பெயர், தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண்ணோடு பில்லில் தனி வரியாகக் காட்ட வேண்டும். நெஞ்சுக்குள் எது வைக்கப்பட்டது என்பது முதன்முறையாக ஒரு காகிதத்தில் நோயாளி வீட்டுக்கு வந்தது. அந்த ஆகஸ்டில் மூட்டு மாற்று இம்பிளான்ட்டுகளுக்கும் வரம்பு வந்தது. குறைந்ததை வேறு தலைப்புகளில் மருத்துவமனைகள் ஏற்றிக்கொண்டன என்ற புகாரும் கூடவே எழுந்தது. எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு வரியை மட்டும் வெளிச்சத்தில் வைத்தால் மற்ற வரிகள் இருட்டில் வளரும்.

முன்கூட்டிச் சொல்லவே முடியாது என்ற வாதத்துக்கு நம் மாநிலத்திலேயே பதில்கள் இருக்கின்றன. 1976-இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கண்புரைக்கு இலவசமா கட்டணமா, கட்டணமென்றால் எந்த லென்ஸ், எவ்வளவு என்பது அறுவைக்கு முன்பே நோயாளிக்குத் தெரியும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு கொடுக்கும் தொகை முன்பே தீர்மானமாகிவிடுகிறது. தனியார் மருத்துவமனைகள் அதற்கு ஒப்புக்கொண்டுதான் சேர்ந்திருக்கின்றன. கோவிட் காலத்தில், 2020 ஜூனில், தமிழக அரசு ஏ1, ஏ2 தர மருத்துவமனைகளில் பொது வார்டுக்கு நாளுக்கு அதிகபட்சம் 7,500, ஏ3, ஏ4-இல் 5,000, ஐசியூவுக்கு 15,000 என்று நிர்ணயித்தது. மீறி வசூலித்த சென்னை மருத்துவமனை ஒன்றின் கோவிட் அனுமதி ரத்தானது. அப்போது எந்த நோயாளிக்கு எத்தனை நாள் ஆகும் என்று யாருக்குமே தெரியாது. ஆனாலும் நாளொன்றுக்கு என்ன என்று சொல்ல முடிந்தது.

பெரிய விபத்து, மூளை ரத்தக்கசிவு, குறைமாதக் குழந்தை போன்றவற்றில் மொத்தத் தொகையைச் சொல்வது உண்மையிலேயே இயலாத காரியம். சொன்ன தொகையைத் தாண்டிவிட்டால் ‘ஏமாத்திட்டாங்க’ என்று கூட்டம் கூடிவிடும் என்ற பயமும் மருத்துவர்களுக்கு இருக்கிறது. கண்ணாடி உடைபடும் செய்திகளைப் படிக்கும் எவரும் அதைக் கேலி செய்ய மாட்டார்கள். கடன் வாங்கிப் பத்துப் படுக்கை போட்டு நடத்தும் சிறு நகரத்து டாக்டரையும், பங்குச்சந்தையில் பட்டியலான குழுமத்தையும் ஒரே விதியால் அடிப்பது நியாயமா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இவை எல்லாம் மதிப்பீட்டை எப்படி எழுதுவது என்பதற்கான கேள்விகள். அமெரிக்காவில் 2022 ஜனவரி முதல், இன்சூரன்ஸ் இல்லாமல் தாமே பணம் கட்டுபவருக்குத் திட்டமிட்ட சிகிச்சைக்கு எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையிடலாம். மதிப்பீடு தவறக் கூடும் என்பதை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. ஜெர்மனியில் 2013 முதல், காப்பீடு முழுதாகத் தராது என்று மருத்துவருக்குத் தெரிந்தால் நோயாளி எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதை முன்பே எழுத்தில் கொடுத்தாக வேண்டும்.

சிங்கப்பூர் இன்னும் கொஞ்சம் தூரம் போனது. 2018 நவம்பரில் அங்கே சுகாதார அமைச்சகம், 222 அறுவை சிகிச்சைகளுக்குத் தனியார் சர்ஜன்கள் உண்மையில் வாங்கிய தொகைகளின் அடிப்படையில் கட்டண வரம்புகளை வெளியிட்டது. அதைத் தாண்டி வாங்கத் தடையில்லை. ஏன் என்று சொல்ல வேண்டிவரும். இதற்கு முன்னால் ஒரு வழக்கு நடந்தது. 2007-இல் வெளிநாட்டுச் செல்வந்தக் குடும்பத்து நோயாளி ஒருவருக்கு ஓர் அறுவை மருத்துவர் சுமார் 2.4 கோடி சிங்கப்பூர் டாலருக்கு பில் அனுப்பியிருந்தார். இருவரும் ஒப்புக்கொண்ட கட்டணம் என்ற வாதம் 2013-இல் உயர் நீதிமன்றத்தில் எடுபடவில்லை. ஒப்பந்தம் எப்படியிருந்தாலும் நியாயமான கட்டணமே வாங்க வேண்டும் என்பது மருத்துவரின் தொழில் நெறி என்றது தீர்ப்பு. தகவல் கொடுத்துவிட்டால் எதையும் வசூலிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். விலையை வெளியிட்டாலே குறைந்துவிடும் என்று நம்புபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: 1990-களில் டென்மார்க்கில் ரெடிமிக்ஸ் கான்கிரீட் நிறுவனங்களின் விலைகளை அரசே வெளியிட்டபோது, ஒருவர் விலையை மற்றவர் பார்த்து எல்லோரும் ஏற்றிக்கொண்டார்கள். ஆகவே, பலகையால் சந்தை திருந்திவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குடும்பம் கடன் வாங்குவதா, நகையை வைப்பதா, வேறு மருத்துவமனை பார்ப்பதா, அரசு மருத்துவமனைக்குப் போவதா என்று முடிவெடுக்கவே இந்தத் தகவல் வேண்டும். 2017–18 தேசிய மாதிரி ஆய்வின்படி ஒருமுறை படுத்தெழுந்தால் சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845. அந்த முடிவின் எடை அவ்வளவு.

சட்டத்தில் பிடி இல்லாமல் இல்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சேவையின் விலையைத் தெரிந்துகொள்வது நுகர்வோர் உரிமை என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். பில் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் புகாருக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் இவையெல்லாம் டிஸ்சார்ஜுக்குப் பிறகான வழிகள். அட்மிஷன் கவுன்டரில் நிற்பவருக்கு நுகர்வோர் ஆணையம் ரொம்ப தூரம்.

அந்தக் கவுன்டருக்குப் பக்கத்திலேயே இன்சூரன்ஸ் மேசை இருக்கிறது. கேஷ்லெஸ் கேட்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் அங்கே ஒரு முன் அனுமதிப் படிவம் நிரப்பப்படுகிறது. நோய் என்ன, என்ன சிகிச்சை, எத்தனை நாள் இருக்க வேண்டிவரும், எந்த வகை அறை. நாளொன்றுக்கு அறையும் நர்சிங்கும் எவ்வளவு, பரிசோதனைகளுக்கு எவ்வளவு, ஐசியூவுக்கு, தியேட்டருக்கு, சர்ஜனுக்கும் மயக்க மருந்து மருத்துவருக்கும், மருந்துக்கும் இம்பிளான்ட்டுக்கும் எவ்வளவு. கடைசியில் உத்தேச மொத்தம். மருத்துவர் கையெழுத்து, மருத்துவமனை முத்திரை. செலவு கூடினால் காரணம் எழுதிக் கூடுதல் அனுமதி கேட்கிறார்கள். 2024-இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவின்படி இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதால் இந்தப் படிவம் மளமளவென்று தயாராகிறது.

நோயாளிக்குச் சொல்ல இயலாத மதிப்பீடு, கம்பெனிக்கு ஒரு மணி நேரக் கெடுவில் போகிறது. இன்சூரன்ஸ் உள்ளவரின் குடும்பத்தார்கூட அந்தத் தாளில் எங்கே கையெழுத்து என்று மட்டும் பார்க்கிறார்கள்; ரொக்கம் கட்டுபவருக்கு அப்படி ஒரு தாளே கிடையாது. தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விதி செய்யும் அதிகாரம் மாநில அரசிடம்தான் இருக்கிறது. இதே படிவத்தின் செலவுப் பகுதியை, தமிழில், அட்மிஷன் அன்றே ஒவ்வொரு நோயாளிக்கும் கொடுக்க வேண்டும், அவசர சிகிச்சை என்றால் உடல்நிலை சீரான பிறகு கொடுக்க வேண்டும், மதிப்பீட்டைத் தாண்டும்போது குடும்பத்திடம் காரணம் சொல்லி மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும், வேறு அறைக்கு மாறினால் மற்ற கட்டணங்கள் எவ்வளவு மாறும் என்பதை அதே தாளில் காட்ட வேண்டும் என்று விதியில் நான்கு வரி சேர்க்கலாம். புதிய மென்பொருளோ தனி ஊழியரோ தேவையில்லை. அந்த மேசையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்.